ஈத் பிறையும் நீல நிலாவும்

மூன்று நாள் விடுப்புக் கேட்டு என் பழைய மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அது. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "மை கிராண்ட்ஃபாதர் ஹேஸ் கிக்ட் த பக்கெட்" என்று தொடங்கி, காரியங்களுக்காக ஊருக்குப் போகவேண்டும், தயவுசெய்து அனுமதிக்கவும் என்று முடித்திருந்தான். மேலதிகாரி அவனை அறைக்குள் கூப்பிட்டு, "தாத்தா செத்ததில் உனக்கு வருத்தமா, சந்தோஷமா?" என்று கேட்டாராம்.

"என் தாத்தா மண்டையைப் போட்டுவிட்டார், ஆகவே விடுப்பு தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." தமிழில் சொன்னால் அவன் எழுதியது இதுதான்.

அழாத குறையாக அவன் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தொடரை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் பட்டியலில் அதற்கு நேரே ஆங்கிலத்தில் 'டு டை', அடுத்த கட்டத்தில் இந்தியில் 'மர்னா' என்று போட்டிருந்தேன். பையன் அதை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தான். தேர்வில் கேட்டிருந்தால் இரண்டு மதிப்பெண் நிச்சயம்.

தில்லி முகர்ஜி நகரில் 1997 முதல் 2020 வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். நான் சேர்ந்தபோது அந்தப் பக்கம் மெட்ரோ கிடையாது. கிங்ஸ்வே கேம்ப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி சைக்கிள் ரிக்‌ஷா பிடிக்கவேண்டும். பத்ரா சினிமாதான் அடையாளம். அதைச் சுற்றி மாடிக்கு மாடி கோச்சிங் வகுப்புகள், ஜெராக்ஸ் கடைகள், பழைய புத்தகக் கடைகள், ஒரே அறையில் மூன்று கட்டில் போட்ட பிஜி விடுதிகள், பருப்பும் சுரைக்காயும் போடும் மெஸ்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா, ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள். பெரும்பாலும் இந்தி வழியில் படித்தவர்கள். கணக்கில் புலி, பொது அறிவில் சிங்கம், ஆங்கிலம் என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

நானும் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கியவன் அல்ல. தில்லியிலேயே பிறந்தவன். அப்பா மத்திய அரசு குமாஸ்தா, ராமகிருஷ்ணபுரத்தில் குவார்ட்டர்ஸ், படித்தது தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில். வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ், தெருவில் பஞ்சாபி கலந்த இந்தி. ஊருக்குப் போனால் நான் வடக்கத்தியான். முகர்ஜி நகரில் 'மதராசி சார்'. சலவைக்காரர் நாய் வீட்டுக்கும் ஆகாது, துறைக்கும் ஆகாது என்று இந்தியில் ஒரு வசனம் உண்டு. முதல் வகுப்பிலேயே என் உச்சரிப்பைக் கேட்டுக் கடைசி பெஞ்சில் யாரோ அதை முணுமுணுத்தார்கள். அன்று அதற்கு அர்த்தம் தெரியாமல் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன். அவன் நெளிந்துகொண்டே சொன்னான். அதுதான் நான் அங்கே கற்றுக்கொண்ட முதல் முஹாவரா. இதை ஒருமுறை வகுப்பில் சொன்னபோது, "சார், அது முஹாவரா இல்லை, லோகோக்தி" என்று ஒருவன் திருத்தினான். மரபுத்தொடர் வேறு, பழமொழி வேறு என்பதில் இந்தி வழிப் பிள்ளைகள் கறார்.

ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷனின் பட்டதாரித் தேர்வுதான் எங்கள் பிழைப்பு. இப்போதைய முறைப்படி முதல் கட்டத்தில் 100 கேள்வி, 200 மதிப்பெண், 60 நிமிஷம். அதில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி. தப்பாகக் குறித்தால் அரை மதிப்பெண் போய்விடும். மரபுத்தொடரில் இரண்டோ மூன்றோ கேள்விகள் வரும். ஆனால் கோச்சிங் உலகத்தில் அதற்கு இருக்கும் மவுசு அந்த எண்ணிக்கையால் வந்ததில்லை. ஒரு கணக்குப் போட ஒன்றரை நிமிஷம் பிடிக்கும். மரபுத்தொடர் தெரிந்தால் ஐந்து விநாடி. மிச்சப்பட்ட நேரம் முழுக்கக் கணக்குக்கு. அதனால்தான் பழைய கேள்வித்தாள்களில் வந்த தொடர்களைத் திரட்டி எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று பட்டியல் போட்டு விற்றோம். நானும் ஒன்று போட்டேன். தொடர், ஆங்கில அர்த்தம், இந்தி முஹாவரா என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்துக்காகத்தான் என் பட்டியல் ஓடியது.

அந்தக் கட்டத்தை நிரப்பியது பாதிக்கு மேல் மாணவர்கள்தான். நான் ஆங்கிலத் தொடரைச் சொல்லிக் கதையைச் சொல்வேன். அவர்கள் தங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கூவுவார்கள். ரொம்பச் சந்தோஷமான வேலை அது. நியூகாஸிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்ற தொடரைச் சொல்லி, அந்த ஊரே நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போனது என்றதும், "உல்டே பான்ஸ் பரேலி கோ!" என்று வகுப்பே கத்தியது. மூங்கிலுக்குப் பேர்போன பரேலிக்கே மூங்கிலைத் திருப்பி அனுப்புகிற கதை. பரேலிப் பையன் ஒருவன் இருந்தான். தன் ஊர் பெயரைச் சொன்னாலே எல்லாரும் சினிமாப் பாட்டில் தொலைந்த அந்த ஜிமிக்கியைத்தான் கேட்கிறார்கள், இன்றாவது மூங்கில் ஞாபகம் வந்ததே என்று எழுந்து கும்பிட்டான். எங்கள் பக்கம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்போம் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். திருநெல்வேலிக்கே அல்வாவா என்பதைச் சொல்லப் போய், அல்வா என்றால் கேரட்டா, பாசிப்பருப்பா என்று விவாதம் கிளம்பி அரைமணி நேரம் போனது.

'டாம், டிக் அண்ட் ஹாரி' என்றால் 'ஐரா கைரா நத்தூ கைரா'. நம் குப்பனும் சுப்பனும். சமுத்திரத்தில் ஒரு துளி என்று ஆங்கிலேயன் சொல்வதை இவர்கள் ஒட்டகத்தின் வாயில் சீரகம் என்கிறார்கள். நமக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. தீவுக்காரனுக்குக் கடல், பாலைவனத்தை ஒட்டியவனுக்கு ஒட்டகம், நமக்குக் கோயில் வாசலில் நிற்கும் யானை. கருவியைக் குறை சொல்லும் மோசமான வேலைக்காரன் என்ற ஆங்கிலப் பழமொழிக்கு, ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம் என்று இந்தியில் இருப்பதைக் கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. என் பாட்டி சொல்வாளே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று! கும்பகோணத்துக் கூடமும் கான்பூர் முற்றமும் ஒரே கோணலாக இருந்திருக்கின்றன. ஆங்கிலப் பாடத்தை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்படியே போயிருந்தால் அந்த மூன்றாவது கட்டம்தான் வழி என்று நம்பியே ஓய்வு பெற்றிருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் நிற்கிறேன். ஆறு மாதம் கண்ணில் படாத மாணவன் ஒருவனிடம், எங்கே ஆளையே காணோம் என்றேன். அவன் பதிலுக்கு முகமெல்லாம் மலர, "சார், யூ ஹேவ் பிகம் எ ப்ளூ மூன்!" என்றான். ஒரு கணம் விழித்தேன். அப்புறம் புரிந்தது. என் பட்டியலில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு நேரே 'ஈத் கா சாந்த் ஹோனா' என்று போட்டிருந்தேன். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஒரே மாதத்தில் இரண்டாவதாக வரும் பௌர்ணமியை நீல நிலா என்கிறார்கள். இரண்டரை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அது வெறும் கணக்கு. 'அவன் ப்ளூ மூனில் ஒருதரம் கோயிலுக்குப் போவான்' என்றால் எப்போதாவது போவான், அவ்வளவுதான். ஈத் பிறை அப்படியா? ஒரு மாதம் நோன்பிருந்து, மொட்டைமாடியில் ஏறி, மேற்கே கண்ணை இடுக்கிக்கொண்டு தேடுகிற பிறை அது. "நீ ஈத் பிறையாகிவிட்டாயே" என்று சொல்கிறவன் குறையும் சொல்கிறான், வா என்று கட்டியும் கொள்கிறான். அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்கள் என்று நாம் வாசலில் நின்று வரவேற்பது போல. பையன் என்னிடம் அன்பைத்தான் சொன்னான். என் பட்டியல் அதை நீலமாக்கிவிட்டது. அவனைத் திருத்த மனம் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்றாவது கட்டத்தைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஓட்டை தெரிந்தது. பிகானேரிலிருந்து வந்த பெண் ஒருத்தி, எட்டு மாதம் கழித்து அம்மாவைப் பார்த்ததைக் கட்டுரையாக எழுதியிருந்தாள். அம்மாவைக் கண்டதும் என் ஹார்ட் கோல்ட் ஆகிவிட்டது என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் படிக்கிறவன், இந்தப் பெண்ணுக்குத் தாய்ப்பாசம் வற்றிவிட்டது என்றுதான் நினைப்பான். அவள் எழுத நினைத்தது 'கலேஜே மே டண்டக்': ஈரல் குளிர்ந்தது. கண் குளிரப் பார்த்தேன், நெஞ்சு குளிர்ந்தது என்று நாம் சொல்வதேதான். மே மாதம் அனல்காற்று அடிக்கிற ஊரில் குளிர்ச்சிதான் அன்பு. மார்கழியே ஆறு மாதம் நீடிக்கிற நாட்டில் அன்புக்குச் சூடு வேண்டும்: வார்ம் வெல்கம், வார்ம் ஹார்ட். வேண்டாதவனுக்குத்தான் அங்கே குளிர்ந்த தோளைக் காட்டுகிறார்கள். இதை நான் பெருமையாக விளக்கி முடித்தபோது, "சார், நாங்களும் கர்ம்ஜோஷி என்று சொல்வோமே, சூடான உற்சாகம்?" என்று லக்னோ பையன் ஒருவன் கேட்டான். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல், அவர்கள் ஊரிலும் பனி பெய்யும் என்று சொல்லித் தப்பித்தேன். விடை சரிதானா என்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் யோசித்தேன்.

மேகத்துக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் மேகம் என்றாலே கெட்டது. 'அண்டர் எ க்ளௌட்' என்றால் சந்தேகத்துக்கு ஆளானவன். ஒவ்வொரு மேகத்துக்கும் வெள்ளிக் கரை உண்டு என்பது, மேகத்தைக் கண்டு மனம் சோர்ந்தவனைத் தேற்றுகிற வார்த்தை. புந்தேல்கண்டிலிருந்து வந்த ஒருவனுக்கு இது தலைகீழாக இருந்தது. வறட்சி ஊர். "சார், மேகம் வந்தாலே நல்ல சேதிதானே, அதற்கு வெள்ளி எதற்கு?" மழை நாளுக்கென்று பணம் சேர்த்துவை என்ற தொடரிலும் அவன் விடவில்லை. மழை பெய்கிற வருஷம்தான் வீட்டில் பணம் இருக்கும், பெய்யாத நாளுக்கல்லவா சேர்க்கவேண்டும் என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? 'இண்டியன் சம்மர்' இன்னும் மோசம். நாற்பத்தைந்து டிகிரியில் வெந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'கடும் வெயில் காலம்' என்று குறித்துவிடுவார்கள். அது அமெரிக்காவில் பிறந்த தொடர். அங்கே இண்டியன் என்றது நம்மை இல்லை, அந்த மண்ணின் பழங்குடிகளை. குளிர் தொடங்கும் நேரத்தில் திடீரென்று நாலு நாள் இதமாக வெயில் அடிக்குமே, அதற்குப் பெயர். இதமாம்!

ஆந்தை இங்கே முட்டாள், அங்கே ஞானி. கட்டைவிரலைக் காட்டினால் அங்கே சபாஷ். இந்தியில் 'அங்கூட்டா திகானா' என்றால் கடைசி நேரத்தில் கையை விரித்துவிடுவது. இதெல்லாம் ஒரு வகுப்பில் முடிகிற சமாசாரம். சிரித்துவிட்டு எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் 'அட் த லெவன்த் அவர்' என்ற தொடருக்கு நான் ஒரு முழு வகுப்பைக் கொடுக்க நேர்ந்தது. பட்டியலில் அதற்கு 'ஐன் வக்த் பர்', கடைசி நிமிஷத்தில், என்று போட்டிருந்தேன். அன்று என்னவோ தோன்றி அது பைபிளில் மத்தேயு சுவிசேஷத்தில் வரும் கதை என்று சொல்ல ஆரம்பித்தேன். திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையில் சந்தைக்குப் போய்க் கூலிக்கு ஆள் பிடிக்கிறான். ஒரு நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று பேச்சு. மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று மறுபடி மறுபடி போய் ஆள் பிடித்து வருகிறான். அந்தக் காலத்தில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். ஆகவே பதினோராம் மணி என்பது நம் சாயங்காலம் ஐந்து. அப்போதும் போகிறான். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்கிறான். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அழைத்துப் போகிறான். ஒரு மணி நேரம் வேலை. கூலி கொடுக்கும்போது எல்லாருக்கும் அதே ஒரு காசு.

கயா பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன். நாலு மாதமாக வாயே திறக்காதவன். மெதுவாக எழுந்து, "சார், இது லேபர் சௌக்" என்றான். அவன் அப்பா கட்டட வேலைக்காரர். காலையில் கரணையும் சோற்று டப்பாவுமாக நாற்சந்தியில் போய் நிற்பார். எட்டு மணிக்குள் திடமான ஆட்களை டிராக்டரில் ஏற்றிப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேல் நிற்கிறவர்கள் வயசானவர்கள், கை நடுங்குகிறவர்கள், முந்தின நாள் காய்ச்சலில் விழுந்தவர்கள். அப்பா சில நாள் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்து, அதை இவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். "அஞ்சு மணி வரைக்கும் யாரும் நிற்கமாட்டாங்க சார். நின்னா, அவங்களுக்கு வீட்டுக்குப் போக முகமில்லைன்னு அர்த்தம்."

வகுப்பு அடங்கிப்போனது. அப்புறம் பிடித்துக்கொண்டது சண்டை. காலையிலிருந்து வெயிலில் வெந்தவனுக்கும் ஒரு காசு, ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் ஒரு காசா? அநியாயம் என்று ஒரு கட்சி. கடைசியில் வந்தவன் வீட்டிலும் அதே வயிறுதானே என்று இன்னொரு கட்சி. இடஒதுக்கீடு, கட்-ஆஃப், ஊதியக் கமிஷன் எல்லாம் உள்ளே வந்தன. இருநூறு பேர் இருந்த கூடத்தில் யாரும் மொபைலைப் பார்க்கவில்லை. பையன் உட்கார்ந்துவிட்டான், அவன் எந்தக் கட்சி என்று சொல்லவே இல்லை.

மறுநாள் நிர்வாகத்திலிருந்து ஓலை வந்தது: கதையைக் குறையுங்கள், கேள்வியைக் கூட்டுங்கள், பாடத்திட்டம் பின்தங்குகிறது. அவர்கள் கணக்கில் அது நியாயம்தான். ஒரு தொடருக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஆயிரத்துக்கு எத்தனை வருஷம் ஆகும்?

இருந்தாலும் நான் பட்டியலை மாற்றினேன். மூன்றாவது கட்டத்தில் இந்தி முஹாவராவை எடுத்துவிட்டு, 'யார், யாரிடம், எப்போது சொல்வது' என்று போட்டேன். 'கிக் த பக்கெட்' வந்த வகுப்பில் முதலில் இந்தியிலேயே கேட்டேன். தாத்தா இறந்ததை அதிகாரியிடம் எப்படிச் சொல்வாய்? "தேஹாந்த் ஹோ கயா." பக்கத்து வீட்டுக்காரரிடம்? "சல் பஸே." பாட்டியிடம் அவள் தோழி? "ஸ்வர்க் ஸிதார் கயே." ஊரை ஏமாற்றிய வட்டிக்காரன் போனால்? "டேங் போல் கயா!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். கடைசியாகச் சொன்னதுதான் பக்கெட் என்றேன். அதற்கப்புறம் என்னிடம் படித்த எவனும் தாத்தாவை பக்கெட்டை உதைக்க விடவில்லை என்று நம்புகிறேன்.

புதிய பட்டியல் ஓடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்ரா சினிமாவுக்குப் பின்னால் இருந்த ஜெராக்ஸ் கடைகளில் பழையதையே கேட்டு வாங்கினார்கள். இருபது ரூபாய்க்கு என் பெயரோடு என் பிழைகள் விற்றுக்கொண்டிருந்தன. ஒரு கடைக்காரரிடம் போய், நானே எழுதியது, நிறுத்துங்கள் என்றேன். புதியதில் இந்தி இல்லையே சார், யார் வாங்குவார்கள் என்று எனக்கே ஒரு பிரதியைத் தள்ளுபடியில் நீட்டினார்.

ஆங்கிலத்தின் மேல் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த கோபத்தையும் அங்கிருந்துதான் பார்த்தேன். சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் 2011இல் வந்த சிசாட் தாளில் ஆங்கிலப் பகுதி இருந்தது. இந்தி வழி மாணவர்கள் 2014இல் அதை எதிர்த்து முகர்ஜி நகர் வீதியில் இறங்கினார்கள். தரவரிசைக்கு அந்த ஆங்கில மதிப்பெண்ணைச் சேர்ப்பதில்லை என்று அந்த வருஷமே அரசு அறிவித்தது. போராட்டத்தில் என் மாணவர்களும் இருந்தார்கள். பகலில் ஆங்கிலத்துக்கு எதிராகக் கோஷம், மாலையில் என்னிடம் ஆங்கில வகுப்பு. தொண்டை கட்டிய குரலில் பாடம் ஒப்பித்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பயத்தைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, ஆங்கிலத்துக்குள் ஒளிந்திருக்கும் அவர்கள் சொத்தை எடுத்துக் காட்டுவது. 'ஹேவ் எ டெக்கோ' என்றால் ஒரு பார்வை பார். அந்த டெக்கோ இங்கே இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் வாயில் விழுந்த 'தேகோ'தான். 'குஷி ஜாப்' என்றால் நோகாத வேலை, அது 'குஷ்'. "நீங்கள் தேடி வந்திருப்பதே ஒரு குஷி ஜாப்தான், அதற்குப் பெயர்கூட உங்கள் வீட்டுச் சொல்" என்பேன். கைதட்டல் அடங்க நேரமாகும்.

கொரோனா வந்து வகுப்புகள் திரைக்குள் போனபோது நான் விலகிக்கொண்டேன். கறுப்புத் திரையில் இருநூறு பெயர்களைப் பார்த்து யாரிடம் ஈத் பிறையைப் பற்றிப் பேசுவது?

போன வருஷம் ஒரு போன். கயா பையன். இப்போது சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருக்கிறான். அப்பா வேலைக்குப் போவதில்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"சார், இங்கே ஆபீஸில் எது சொன்னாலும் ஒருத்தர் என்னிடம் காதுல பூ, காதுல பூ என்கிறார். காதைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இதற்கு இந்தியில் என்ன சார்?"

'உல்லூ பனானா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏமாற்றுவது, முட்டாளாக்குவது; பட்டியலில் போட்டால் அதுதான் விடை. நிறுத்திக்கொண்டேன்.

"அவருக்கு என்ன வயசு இருக்கும்?"

"ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிறது சார்."

"நீ என்ன சொன்னபோது சொன்னார்?"

"மதியம் சாப்பாடு ஆகிவிட்டது என்றேன். அப்போது."

"ஆகியிருந்ததா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இல்லை சார். மாசக் கடைசி."

"சொல்லிவிட்டு என்ன செய்தார்?"

"சிரித்தார். அப்புறம் அவர் டப்பாவிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து என் பக்கம் தள்ளினார்."